பச்சை மூடி

லண்டன் பிளேஸ்டோவில் ரெயில் பாதையை ஒட்டி நிற்கிற கத்தோலிக்க ஆண்கள் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் குசினியில் பியற்றிஸ் பதினாலு வருஷம் வேலை செய்தாள். துறைமுகத் தொழிலாளரின் பெடியளுக்கென்று அயர்லாந்துத் துறவறச் சகோதரர்கள் ஒரு காலத்தில் கட்டிய செங்கல் கட்டடம் அது. துறைமுகமும் போய், சகோதரர்களும் ஒவ்வொருவராய்ப் போய், அவர்களுடைய படங்கள் மட்டும் வாசல் நடைச் சுவரில் மிஞ்சியிருந்தன. இப்போது படிக்கிறவர்கள் நைஜீரியாப் பெடியள், போலந்துப் பெடியள், கோவாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், ஒரு பதினைந்து தமிழ்ப் பெடியள். தலைமை ஆசிரியை மிஸிஸ் பிறெனன் அயர்லாந்தின் ஏதோ ஒரு சின்னப் பட்டினத்தில் இதே சகோதரர்களின் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தவர். அங்கே எந்தப் பெடியன் வீட்டில் முதல்நாள் என்ன சமையல் என்பதுகூட ரீச்சர்மாருக்குத் தெரியுமாம். லண்டனிலும் அப்படியொரு பள்ளிக்கூடம் நடத்தலாம் என்று அந்த மனுசி நம்பிக்கொண்டிருந்தது.

காலை ஏழரைக்குக் குசினி திறக்கவேண்டும். பனிக்காலத்தில் கதவுப் பிடி கையில் ஒட்டும். அடுப்பை மூட்டி, பெரிய கிடாரத்தில் தண்ணீர் வைத்து, உருளைக்கிழங்கைக் கழுவத் தொடங்கினால் பன்னிரண்டு மணிவரைக்கும் நிமிர நேரமிராது. நூற்றெண்பது பெடியள். வெள்ளிக்கிழமை மீன், புதன்கிழமை மசித்த உருளைக்கிழங்கும் சொசேஜும். பன்னிரண்டுக்கு மணியடித்ததும் பெடியள் மண்டபத்தில் எழுந்து நின்று சாப்பாட்டுச் செபம் சொல்லுவார்கள். நூற்றெண்பது தொண்டையும் ஒன்றாய் 'ஆமென்' என்று கத்தும்போது பியற்றிசின் கையிலிருக்கும் அகப்பை அதிரும். அவள் அதற்காகவே அந்த நேரம் கதவைத் திறந்து வைப்பாள்.

ஒரு விஷயம் மட்டும் அவள் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். அவளுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. தமிழ் வாசிப்பாள், பூசையில் வாசகம்கூட வாசித்திருக்கிறாள். இங்கிலிஷில் தன் பெயரை எழுதுவாள், பஸ் நம்பர் பார்ப்பாள், கேட்டால் விளங்கும், பிழையோ சரியோ திருப்பிக் கதைப்பாள். குசினிச் சாமான் எல்லாவற்றையும் நிறத்தை வைத்தும் டப்பாவின் வடிவத்தை வைத்தும் பாடமாக்கி வைத்திருந்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்த கொம்பனி வருஷத்துக்கொருதரம் அனுப்புகிற ஒவ்வாமைப் பயிற்சி லாப்டொப்பில் வரும். அதை மகள் மேனுஷா சோபாவில் சாய்ந்திருந்து பத்து நிமிஷத்தில் பொத்தானை அமத்தி முடித்துவிடுவாள். "அம்மா, ஹண்ட்ரட் பேசன்ற்!" என்பாள். பியற்றிஸ் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாள். குசினியில் நாளாந்தம் நிரப்புகிற படிவங்களை, உதவிக்கு ரஜனி என்ற பெட்டை வேலைக்கு வந்த நாளிலிருந்து அவளே நிரப்பினாள்.

ரஜனிக்கு இருபத்தெட்டு வயது. புருஷன் நிசாந்தன் படிக்க வந்த விசாவில் அவளும் கூட வந்தவள். அந்த வேலையைப் பியற்றிஸ்தான் சொல்லி எடுத்துக் கொடுத்தாள். ரஜனி அதை ஒருநாளும் மறக்கவில்லை. 'அக்கா, அக்கா' என்று காலைச் சுற்றிக்கொண்டே நிற்பாள்.

பள்ளிக்கூடத்தில் ஆரோன் என்று ஏழு வயதுப் பெடியன் ஒருவன் இருந்தான். செவன் கிங்ஸில் இருக்கிற யோகராஜாவினதும் சுசிலாவினதும் ஒரே பிள்ளை. பாலென்றால் அவனுக்கு ஒரு துளியும் ஆகாது. வெண்ணெய், சீஸ், யோகட் ஒன்றும் கிட்டவும் போகக்கூடாது. குசினிச் சுவரில் அவனுடைய படம் ஒட்டியிருந்தது. சுசிலா ஒன்றரை வருஷமாய் வீட்டிலிருந்து சோற்றுப் பெட்டி கட்டிக் கொடுத்தனுப்பினாள். அவன் மண்டபத்து மூலை மேசையில் தனியே இருந்து சாப்பிடுவதைப் பார்க்கப் பியற்றிசுக்குப் பொறுக்கவில்லை. மாதத்தில் ஒருக்கால் மாதா கோவிலில் நடக்கிற தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது அவளாகத்தான் போய்க் கதைத்தாள்.

"சுசிலா, பிள்ளையை மற்றப் பெடியளோட இருந்து சாப்பிட விடுங்கோவன். அவன்ர முகத்தைப் பார்க்க ஏலாமக் கிடக்கு."

"எனக்குப் பயமாக் கிடக்கக்கா. ஒருக்கா மூண்டு வயசில ஒரு பிஸ்கற் திண்டு, நீலம் பாரிச்சுப் போனவன்."

"நானெல்லோ சமைக்கிறன். அவனுக்கெண்டு தனிச் சட்டி, தனி அகப்பை, ஊதா நிறத் தட்டு. என்ர கையைத் தாண்டித்தானே அவன்ர வாய்க்குப் போகவேணும்?"

சுசிலா செபமாலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "நீங்கள் நிக்கிறியள் எண்டுதான் விடுறன்," என்றாள்.

அது செப்ரெம்பர் மாதம். ஆரோன் ஊதாத் தட்டோடு வரிசையில் வந்து, "அன்ரி, எனக்கு?" என்று தமிழில் கேட்பான். நாலு மாதம் ஒரு பிழையும் வரவில்லை.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை. விடிந்ததிலிருந்து பனியும் மழையும் கலந்து அடித்தது. சாமான் கொண்டுவருகிற வான் பதினொரு மணிக்குத்தான் வந்தது. ட்றைவர் பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டு, ஒரு கடதாசியில் ரஜனியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினான். கிழங்கு அவிந்து வடித்தாயிற்று. மற்றப் பெடியளுக்கான மசியலுக்குப் பாலும் வெண்ணெயும் சேர்த்தாயிற்று. ஆரோனுடைய சின்னச் சட்டிக்கு வெண்ணெய்க்குப் பதிலாய்ப் பாலில்லாத மாஜரீன் போடவேண்டும். பழைய டப்பா முதல்நாளே முடிந்துபோயிருந்தது. ரஜனி புதுப் பெட்டியை உடைத்து ஒரு டப்பாவை எடுத்தாள்.

"அக்கா, இது வேற கொம்பனிச் சாமான். வழக்கமா வாறது இல்லை."

"பச்சை மூடிதானே?"

"ஓம், பச்சைதான். ஆனா பின்பக்கம் 'மில்க்' எண்டு தடிப்பாப் போட்டுக் கிடக்கு."

"மில்க் இல்லை எண்டு போடுறதெண்டாலும் மில்க் எண்டுதானே எழுதவேணும். பச்சை மூடி பால் இல்லாதது, நீல மூடி பால் உள்ளது. பதினாலு வருஷமா நான் போடுறன், பிள்ளை. கொண்டா கெதியா, செபம் சொல்லப் போறாங்கள்."

ரஜனி ஒரு கணம் டப்பாவைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கொடுத்தாள். பியற்றிஸ் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டு மசித்தாள். ரஜனி சுவரில் தொங்கிய படிவத்தில் வழக்கம்போல 'பார்த்தாயிற்று' என்ற கட்டத்தில் சரி போட்டுத் தன் பெயரை எழுதினாள்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முந்தி பியற்றிஸ் முழங்கைவரை கழுவுதொட்டிக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். யன்னலுக்கு வெளியே விளையாட்டு முற்றத்தில் பெடியள் ஒரு இடத்தில் கூடியிருந்தார்கள். யாரோ சறுக்கி விழுந்துவிட்டான் என்று நினைத்தாள். அலுவலகத்தில் வேலை செய்கிற பெண் மருந்து ஊசி வைக்கிற மஞ்சள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சப்பாத்தில்லாமல் ஓடியதைக் கண்ட பிறகுதான் அவள் கையைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். ஊசி இரண்டும் போட்டார்கள். அம்புலன்ஸ் வந்தது. மிஸிஸ் பிறெனன் ஆரோனின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறிப் போனார்.

ஆரோன் சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

அடுத்த கிழமை கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது, பிள்ளையின் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது என்று எழுதியிருந்ததை மேனுஷா வாசித்துச் சொன்னாள். செத்தவீட்டுக்குப் பியற்றிசின் புருஷன் பெனடிக்ற் மட்டும் போய், கோவிலின் கடைசி வாங்கிலோரம் நின்றுவிட்டு வந்தான். பஸ் ஓட்டுகிற மனுசன், ஷிப்ட் உடுப்போடேயே போயிருந்தான்.

"சனமெண்டா சனம்," என்றான் வந்து. "பள்ளிக்கூடப் பெடியள் எல்லாம் வரிசையா நிண்டு பாடினவங்கள்." பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

பியற்றிஸ் சமைப்பதை நிற்பாட்டினாள். அடுப்படிக்குள் போவாள், பானையைத் தூக்குவாள், வைத்துவிட்டு வந்துவிடுவாள். பெனடிக்ற் பாண் வாங்கி வந்து பருப்புக் கறியோடு சாப்பிட்டான். மேனுஷா நேர்ஸ் படிப்பில் மூன்றாம் வருஷம். ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிந்து வந்து தாயின் பக்கத்தில் இருப்பாள்.

பெப்ரவரியில் ஒரு மத்தியானம் ரஜனி வந்தாள். கோட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தாள்.

"அக்கா, சாப்பாட்டுச் சுகாதாரம் பாக்கிற கவுன்சில்காரர் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சவை. நான் உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"என்னத்தைச் சொல்லேல்லை?"

"நான் அதை வாசிச்சதையோ, உங்களுக்குச் சொன்னதையோ. டப்பாவைப் பாக்காமலே தந்திட்டன் எண்டுதான் சொன்னனான். வானில மாறி வந்ததெண்டு நாங்கள் ஒருத்தரும் கவனிக்கேல்லை எண்டு."

பியற்றிஸ் அவளுடைய முகத்தையே பார்த்தாள். "படிவத்தில ஆரின்ர கையெழுத்து?"

ரஜனி தலையைக் குனிந்தாள். "என்ரதான். அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கினம். வானில வந்த கடதாசியிலையும் சாமான் மாத்தினது எண்டு எழுதியிருக்காம். அதிலையும் என்ர கையெழுத்து."

"அப்ப அவை உன்னைத்தானே பிடிக்கப் போயினம்?"

"தெரியேல்லை அக்கா. விசா புதுப்பிக்கக் குடுத்திருக்கு. பொலிஸ் கேஸ் எண்டு வந்தா என்ன செய்வாங்களோ எண்டு நிசாந்தன் நித்திரையில்லாமக் கிடக்கிறார்." அவளுக்கு அழுகை வந்தது. "நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு இஞ்சை ஆரக்கா இருக்கினம்? நான் எப்பிடி உங்களைக் காட்டிக் குடுப்பன்?"

அவள் போன பிறகு பெனடிக்ற் கதவைச் சாத்திவிட்டு வந்து முன்னால் இருந்தான். எல்லாவற்றையும் அடுத்த அறையில் நின்று கேட்டிருந்தான்.

"இஞ்சரும், அவள் சொன்ன மாதிரியே நீரும் சொல்லும். வானில மாறி வந்தது, ஒருத்தரும் கவனிக்கேல்லை. கொம்பனியின்ர பிழை."

"அவளெல்லோ சொன்னவள்! பால் எண்டு கிடக்கு எண்டு வாயால சொன்னவளெல்லோ! நானெல்லோ..."

"தெரியும். எனக்கு நீர் சொல்லத் தேவையில்லை. ஆனா நீர் உண்மையைச் சொன்னா அதோட நிக்காது. ஏன் நீயே வாசிக்கேல்லை எண்டு கேப்பாங்கள். வாசிக்கத் தெரியாது எண்ட உடனை, அப்ப வருஷா வருஷம் பரீட்சை பாஸ் பண்ணினது ஆர் எண்டு கேப்பாங்கள். அப்ப என்ன சொல்லுவீர்?"

பியற்றிஸ் ரஜனி இருந்த கதிரையை மேசைக்குள் தள்ளினாள்.

"நேர்சுக்குப் படிக்கிற பிள்ளை. தாய்க்குக் கள்ளப் பரீட்சை எழுதிக் குடுத்தவள், அதால ஒரு பிள்ளை செத்தது எண்டு வந்தா, அவளை எந்த ஆஸ்பத்திரி எடுக்கும்? செத்த பிள்ளை செத்துப்போச்சு, பியற்றிஸ். நீ எங்கட பிள்ளையையும் சேத்துக் குழியில வைக்கப் போறியோ?"

படிக்கட்டில் மேனுஷா நின்றுகொண்டிருந்ததை இரண்டு பேரும் அப்போதுதான் கண்டார்கள்.

"அப்பா, ஸ்ரொப் இற்," என்றாள். "ரஜனி அக்காவைப் போட்டுக் குடுத்துப்போட்டு நான் எப்பிடி நேர்ஸாகிறது?"

"நீ வாயை மூடு. உனக்கு ஒண்டும் தெரியாது."

"எனக்குத் தெரியும். பெனிசிலின் அலர்ஜி எண்டு நோயாளியின்ர மருந்து அட்டையில எழுதியிருக்கிறதை வாசிக்காமல் ஊசி போட்டா என்ன நடக்குமெண்டு எனக்குத்தான் படிப்பிக்கிறாங்கள். அம்மாக்கு அந்தப் பயிற்சியைத் தமிழில சொல்லிக் குடுத்திருந்தா..." அவள் முடிக்கவில்லை. மேலே ஏறிப் போய்விட்டாள்.

பியற்றிசின் முறை மார்ச் தொடக்கத்தில் வந்தது. யன்னலில்லாத ஒரு அறை. கவுன்சிலிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் ஒரு பொலிஸ்காரன், இந்தப் பக்கம் பியற்றிசும் இலவசமாய்க் கிடைத்த ஒரு வக்கீலும். மொழிபெயர்க்க நீலவேணி என்று ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் வந்திருந்தாள்.

பியற்றிஸ் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொன்னாள். வக்கீல் இரண்டு தரம் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

"அவள் வாசிச்சுச் சொன்னவள். நான்தான் பறவாயில்லை கொண்டா எண்டு வாங்கினனான். அவளில ஒரு பிழையுமில்லை."

நீலவேணி பேனையை நிறுத்தி, "அம்மா, 'வாசிச்சுச் சொன்னவள்'னா, ரஜனி உங்ககிட்ட சத்தமா சொன்னாங்க, நீங்க கேட்டீங்க. அப்படித்தானே?" என்றாள்.

"ஓம். என்ர காதாலை கேட்டனான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நான் இதை அப்படியே இங்கிலிஷ்ல சொல்லிடுவேன்."

"அப்பிடியே சொல்லுங்கோ."

வெள்ளைக்காரப் பெண் அந்த டப்பாவின் படத்தை மேசையில் வைத்து, பின்பக்கத்தில் இருப்பதை வாசிக்கச் சொன்னாள். பியற்றிஸ் பார்த்தாள். எழுத்துகள் எறும்பு ஊர்ந்தமாதிரிக் கிடந்தன. தடித்த எழுத்தில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு, "இதுதான் மில்க் எண்டு இப்ப தெரியும்," என்றாள். "அண்டைக்குத் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியாது."

பெனடிக்ற் சொன்ன கேள்வி அடுத்ததாய் வந்தது. பரீட்சை எழுதினது யார்?

"ஒரு ஆள் செய்து தந்தது. ஆரெண்டு சொல்லமாட்டன்."

ஆறு தரம் கேட்டார்கள். ஆறு தரமும் அதையே சொன்னாள். கடைசியில் அவளை வெளியே விட்டார்கள். மேனுஷா வாசலில் நின்றாள். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "பரீட்சை செய்தது நான்தான் எண்டு விடிய யூனிவர்சிற்றிக்கு எழுதிப்போட்டன் அம்மா. உங்களிட்டைக் கேட்டா நீங்கள் விடமாட்டியள் எண்டு தெரியும்," என்றாள். பியற்றிஸ் அந்த இடத்திலேயே மகளுடைய முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு றோட்டோரம் நின்றாள். சனம் விலகிப் போனது.

மேனுஷாவின் படிப்பை நிறுத்தி வைத்தார்கள். அது திரும்ப வராது என்று பிறகு தெரிந்தது. ரஜனியை விசாரணையிலிருந்து விட்டுவிட்டார்கள். அவள் நன்றி சொல்ல வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஹவுன்ஸ்லோவில் நிசாந்தனின் சொந்தக்காரர் வீட்டோடு போய்விட்டார்கள் என்று பூசைக்கு வந்த ஒருவர் சொன்னார். முதலில் பொய் சொன்னதற்காக அவளுக்குக் கவுன்சில் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க, கொம்பனி வேலையிலிருந்து நிறுத்தியதாம். பெனடிக்ற் வீட்டில் கதைப்பதை விட்டுவிட்டான். வேலையால் வந்து, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவான். பியற்றிஸ் மேல் வழக்குப் போடுவதோ இல்லையோ என்று கோடைக்குப் பிறகுதான் தெரியும் என்றார் வக்கீல்.

மார்ச் கடைசியில் மிஸிஸ் பிறெனன் வீடு தேடி வந்தார். இரண்டரை மாதத்தில் மனுசி பத்து வருஷம் கிழடாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் குசினியைப் பூட்டியாயிற்று, சாப்பாடு வெளியிலிருந்து பெட்டியில் வருகிறது, முப்பது பெடியளைத் தாய் தகப்பன்மார் வேறு பள்ளிக்கூடங்களுக்கு மாற்றிவிட்டார்கள், புது வருஷத்துக்குச் சேர ஆளில்லை, நானும் ஈஸ்ரர் பண்டிகையோடு விலகிப் போகிறேன் என்றார். மேனுஷா பக்கத்தில் இருந்து தாய்க்கு விளங்காத இடங்களைச் சொன்னாள்.

"ஆரோனின் வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை," என்றார் மிஸிஸ் பிறெனன். "வக்கீல்மார் விடவில்லை. அயர்லாந்தில் எங்கள் ரவுனில் ஒரு பெடியன் ஆற்றில் மூழ்கிப் போனான். வகுப்பைக் கூட்டிக்கொண்டு போன ரீச்சர் அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போனார். தாய் கதவைத் திறந்தாள். அடித்தாள், பிறகு உள்ளே விட்டாள். இங்கே நாங்கள் எல்லாரும் கடிதம் எழுதுகிறோம்."

அவர் போகும்போது பியற்றிசின் இரண்டு கையையும் பிடித்து நெற்றியில் வைத்தார். அப்படியே போய்விட்டார்.

அடுத்தநாள் காலை பெனடிக்ற் வேலைக்குப் போன பிறகு பியற்றிஸ் சேலை உடுத்தாள். பிறகு அதைக் கழற்றிவிட்டு, வேலைக்குப் போகிற கறுப்புக் காற்சட்டையையே போட்டுக்கொண்டாள். மேனுஷாவுக்குச் சொல்லவில்லை. ரெயின் ஏறி, மாறி, செவன் கிங்ஸில் இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வீடு அவளுக்குத் தெரியும். போன நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுபோனவள், பால் இல்லாத கேக்.

மணிப் பொத்தானை அமத்தினாள். சுசிலாதான் கதவைத் திறந்தாள். தலை வாரியிருக்கவில்லை. யோகராஜாவின் பெரிய சுவெற்றரைப் போட்டிருந்தாள். பியற்றிசைக் கண்டதும் கதவின் விளிம்பைப் பிடித்தாள். அடிக்கவில்லை, கத்தவில்லை.

"சுசிலா," என்றாள் பியற்றிஸ். "ரஜனி சொன்னவள். நான்தான் கேக்கேல்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் உங்களுக்கு அதைச் சொல்லியிருக்கவேணும். கோவில் வாசலில வைச்சுச் சொல்லியிருக்கவேணும்."

"தெரியும். கவுன்சில்காரர் சொன்னவை."

மழைத்தண்ணி பியற்றிசின் கழுத்துக்குள் இறங்கியது. சுசிலா உள்ளே வரச் சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

"ஒண்டு கேக்கவேணும்," என்றாள் கடைசியில். "டொக்டர்மாரிட்டைக் கேக்க ஏலாது. பொலிசிட்டையும் கேக்க ஏலாது. உங்களிட்டைத்தான் கேக்கலாம். அண்டைக்கு அவன் அதை விரும்பிச் சாப்பிட்டவனோ?"

பியற்றிஸ் இதை அந்த விசாரணை அறையில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

"ஓம்," என்றாள். "முடிச்சிட்டுத் திரும்பி வந்தவன். அன்ரி, இண்டைக்கு நல்ல ருசியாக் கிடக்கு, இன்னும் கொஞ்சம் தாங்கோ எண்டவன்."

"குடுத்தனீங்களோ?"

"குடுத்தனான்."

சுசிலாவின் வாய் கோணியது. அவள் அழப்போகிறாள் என்று பியற்றிஸ் நினைத்தாள். அழவில்லை.

"வெண்ணெய் எப்பிடியிருக்கும் அம்மா எண்டு ஒருக்காக் கேட்டவன்," என்றாள் சுசிலா. "நான் சொன்னனான், ஒண்டுமில்லையடா, சும்மா எண்ணெய் மாதிரித்தான் எண்டு." கொஞ்சம் பொறுத்து, "இதை நீங்கள் வேற ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அவருக்கும் தெரியவேண்டாம். இது என்னோட இருக்கட்டும்," என்றாள்.

மேல்மாடியிலிருந்து யோகராஜாவின் குரல் கேட்டது. "ஆரப்பா வாசல்ல?"

சுசிலா பியற்றிசின் முகத்தைப் பார்த்தபடியே, "ஒருத்தருமில்லை," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.